கேலிக்கும் முறை உண்டு: பணியிடத்தில் நகைச்சுவை

பணியிட நகைச்சுவை என்னும் தொடர் இவ்வியலில், கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை செய்வோர் வேலை நேரத்தில் ஒருவரையொருவர் முன்னிட்டும், செய்யும் வேலையை முன்னிட்டும் சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் கையாளும் பேச்சு, சைகை, குறும்பு, படம் ஆகிய அனைத்தையும் குறிக்கும். ஆண்டு விழா மேடையில் நடிக்கப்படும் குறுநாடகமும், நிர்வாகம் பணம் கொடுத்து அழைத்து வரும் பட்டிமன்றப் பேச்சாளரின் துணுக்குகளும் இதில் சேரா; அவை ஏற்பாடு செய்யப்பட்ட சிரிப்பு. இங்கு ஆராயப்படுவது, காலை பத்தரை மணிக்குத் தேநீர்க் கேன் உள்ளே வந்ததும் லேத்துகள் ஒவ்வொன்றாக ஓய, எண்ணெய்க் கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு நால்வர் கூடி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் தானாகப் பிறக்கும் சிரிப்பு.

இதனை ஆராயச் சென்னையின் மேற்குப் புறநகரைவிட வளமான களம் அமைவது அரிது. 1961 இல் ஆவடியில் நிறுவப்பட்டு, 1965 இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்து, 2021 அக்டோபர் 1 முதல் பொதுத்துறை நிறுவனமொன்றின் கீழ் இயங்கும் கனரக வாகனத் தொழிற்சாலை ஒருபுறம்; 1964 இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில், முதலாளியே டிரில்லிங் மெஷினில் நிற்கும் பத்துப் பேர் கொண்ட பட்டறைகள் இன்னொருபுறம். பாடியில் வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் பெரிய ஆலைகள் உள்ளன. தொழிற்பேட்டைக்குள்ளேயே கண்ணாடிச் சுவர் கொண்ட மென்பொருள் அலுவலகங்கள் எழுந்துள்ளன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் மாநகரப் பேருந்துப் பணிமனைகள் இருக்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. நெரிசல் இல்லாத நாளில் (அப்படியொரு நாள் வாய்க்குமாயின்) அரை மணிப் பயணத்துக்குள் அடங்கும் இந்த இடங்களில், ஓரிடத்தில் தோளில் தட்டிச் சிரிக்கப்படும் அதே சொல் மற்றோரிடத்தில் புகார் மனுவாக மாறிவிடுவதைக் காணலாம்.

அவ்வாறு மாறுவதற்குக் காரணம் சொல்லில் இல்லை என்பதே இவ்வியலின் அடிப்படைக் கருத்து. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையே உள்ள முறையே ஒரு கேலியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. கேலிக்கு ஆளானவர் அதே அளவு கேலியைத் திருப்பித் தர முடியுமா, தந்தபின் அவருடைய ஷிஃப்டும் ஓ.டி.யும் சம்பள உயர்வும் பழையபடியே இருக்குமா என்னும் கேள்விதான் அந்த முறையை அளக்கும் கோல்.

நகையும் இளிவரலும்

சிரிப்பைக் குறிக்கும் சொற்கள் தமிழில் தட்டுப்பாடின்றி வழங்குகின்றன. அவற்றின் வேறுபாட்டை அறிந்துகொள்வது பயனுடையது. கேலியும் கிண்டலும் ஒருவர் முகத்துக்கு நேரே, பெரும்பாலும் அவரும் சேர்ந்து சிரிக்கும்படி செய்யப்படுவன. நக்கல் என்பதில் சொல்பவர் தம்மை ஒரு படி மேலே வைத்துக்கொள்கிறார். எகத்தாளம் என்றால் அந்தப் படி இன்னும் உயரம். நையாண்டி ஆளைவிட நடப்பையும் அமைப்பையும் குறிவைப்பது. ஆலை வாயிலில் நடக்கும் தொழிற்சங்கக் கூட்டத்தில் நிர்வாகத்தின் சுற்றறிக்கையைப் படித்துக்காட்டி அடிக்கப்படும் பேச்சு இவ்வகை. கலாய்த்தல், ஓட்டுதல் என்னும் சென்னை வழக்குகள் கூட்டமாகச் சேர்ந்து ஒருவரைத் தொடர்ந்து கிண்டல் செய்வதைக் குறிக்கும். கடி என்பது சொல்லை முறுக்கிச் செய்யும் சிரிப்பு. அது எடுபடாமல் போனால் மொக்கை. ஒரு தொழிற்கூடத்தில் ஒரே செயலைச் செய்தவர் ‘சும்மா கலாய்ச்சேன்’ என்றும், கேட்டவர் ‘நக்கலடிச்சார்’ என்றும் சொல்லும்போது, பூசல் எங்கே இருக்கிறது என்பதை அந்த இரு வினைச்சொற்களே காட்டிவிடுகின்றன.

இதைவிடக் கூர்மையான பகுப்பு தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இருக்கிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலை. அவ்வாறு எண்ணப்படும் எட்டனுள் நகை முதலாவது. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறப்பதாகச் சொல்லப்படுகிறது. எள்ளல் இகழ்ந்து சிரிப்பது. பிறரை எள்ளி நகுவதோடு, பிறரால் எள்ளப்பட்டபோது தானே நகுவதையும் பேராசிரியர் உரை இதில் சேர்க்கிறது. இளமை குழந்தைத் தன்மை, பேதைமை அறியாமை. மடன் என்பது சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. புதிதாகச் சேர்ந்தவர் மடனாலும், மற்றொரு பிரிவிலிருந்து வந்தவர் பேதைமையாலும், தமிழ் தெரியாத தொழிலாளி மழலைப் பேச்சாலும் சிரிப்புக்கு ஆளாவதைக் காணும்போது, இந்தப் பழைய பகுப்பு இன்றைய ஆலைத் தளத்துக்கும் பொருந்துவது விளங்கும்.

ஆனால் கைக்கொள்வதற்கு உதவுவது அதே பட்டியலில் மூன்றாவதாக நிற்கும் இளிவரல்தான். தான் இழிவுபட்டதாக ஒருவர் உணரும் நிலை அது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் அதற்குக் காரணங்களாக எண்ணப்படுகின்றன. முதுமை, நோய், துன்பம், எதிர்த்து நிற்க இயலாத எளிய நிலை ஆகிய இந்நான்கில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட கேலி, சொன்னவருக்கு நகையாகவும் கேட்டவருக்கு இளிவரலாகவும் ஒரே நொடியில் இரண்டு மெய்ப்பாடுகளைப் பிறப்பிக்கிறது. ஓய்வு பெற ஓராண்டு இருக்கும் ஃபிட்டரின் கண்பார்வை, சர்க்கரை நோயால் அடிக்கடி எழுந்து செல்பவரின் நடை, கடன் கேட்டு நிற்பவரின் முகம், ஒப்பந்தத் தொழிலாளியின் நிலையற்ற வேலை ஆகியவை பேசுபொருளாகக் கூடா என்பதற்கு மனிதவளத் துறையின் கையேடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முறை யாருக்கு

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940 இல் எழுதிய கட்டுரையொன்றில் கேலியுறவு என்னும் கருத்தை விளக்கினார். ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்ய வழக்கம் இடம் கொடுத்து, கிண்டலுக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே வழக்கம் விதித்தால், அது கேலியுறவு. தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியன்று. மாமன் மச்சான், கொழுந்தியாள், அத்தை பிள்ளைகள் ஆகியோரிடம் கேலி செல்லும். சித்தப்பாவிடமும் அண்ணியின் பெற்றோரிடமும் செல்லாது. கேலி செய்ய ‘முறை’ வேண்டும் என்னும் பேச்சே தமிழ்க் குடும்பங்களில் உண்டு.

இரத்த உறவே இல்லாத பட்டறைக்குள்ளும் இந்த முறை விளிச்சொல் வடிவில் நுழைந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. மச்சி, மச்சான், மாப்ள, மாமு என்று அழைத்துக்கொள்வோர் இருவரும் ஒருவரையொருவர் கலாய்க்க அனுமதி வழங்கிக்கொண்டவர்கள். அண்ணே என்றால் அனுமதி பாதி: தம்பி லேசாகச் சீண்டலாம், அண்ணன் சற்று அதிகமாகச் சீண்டலாம், எல்லை மீறினால் அண்ணனே பொறுப்பு. அக்கா என்று அழைக்கப்படும் மூத்த பெண் தொழிலாளிக்கு இளைஞர் அனைவரையும் அதட்டவும் கிண்டல் செய்யவும் உரிமை உண்டு. மறுதிசையில் அது மிகக் குறைவு. சார், மேடம் என்னும் சொற்கள் கதவை மூடிவிடுகின்றன. ‘சார்’ என்று அழைப்பவரைப் பார்த்துச் சிரித்துப் பேசும் சூப்பர்வைசர், எதிரில் இருப்பவரும் சிரிப்பதால் அவர் மகிழ்ந்தார் என்று முடிவு செய்யக்கூடாது. அந்தச் சிரிப்பில் ஒரு பகுதி சம்பளத்துக்குரிய வேலை.

ஆகவே புதிய இடத்தில் சேர்ந்த எவரும் முதல் இரண்டு வாரம் கேலி பேசுவதைவிட விளிச்சொற்களைக் கேட்டு வைப்பது நன்று. யார் யாரை மச்சி என்கிறார், அதே ஆள் மற்றொருவரை ஏன் அண்ணே என்கிறார், யாரை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்பவற்றைக் கவனித்தவருக்கு அந்த இடத்தின் நிறுவன வரைபடத்தைவிடத் துல்லியமான வரைபடம் கிடைத்துவிடும். பட்டப்பெயரும் அவ்வாறே: அது அந்த ஆளுக்கு நேரே சொல்லப்படுகிறதா, முதுகுக்குப் பின்னால் மட்டுமா என்பதே அதன் தரத்தை உரைக்கும் கல்.

வாழைப்பழ நேரம்

தொழிற்கூடத்துச் சிரிப்பைப் பற்றிய ஆய்வுகளுள் மிகவும் பேசப்படுவது, அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்டு ராய் 1959 இல் வெளியிட்ட ‘வாழைப்பழ நேரம்’ என்னும் கட்டுரை. அச்சு வைத்து அழுத்தித் துண்டு வெட்டும் இயந்திரங்கள் கொண்ட ஓர் அறையில், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் அவரே சேர்ந்து, உடனிருந்த மூவரைக் கவனித்தார். ஒருவர் நாள்தோறும் சாப்பாட்டுப் பையில் ஒரு வாழைப்பழம் கொண்டு வருவார். இன்னொருவர் நாள்தோறும் காலையில் அதைத் திருடி, ‘வாழைப்பழ நேரம்!’ என்று கூவிவிட்டுத் தின்பார்; பழத்துக்குரியவர் நாள்தோறும் சத்தம் போடுவார்; மறுநாளும் பழம் கொண்டு வருவார். பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இத்தகைய சடங்குகள் நாளைத் துண்டுகளாகப் பிரித்து, முடிவில்லாததாகத் தோன்றும் வேலை நேரத்தைக் கடக்கக்கூடியதாக ஆக்கின என்பது ராயின் முடிவு. தேநீர்க் கேன் வரும் நேரத்தில் ஒருவர் பங்குப் பஜ்ஜி மாயமாவதைக் கண்டவர்களுக்கு இது விளக்கமின்றியே புரியும்.

(1989 இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில், இரண்டு வாழைப்பழம் வாங்கச் சொல்லி அனுப்பப்பட்ட செந்தில் ஒன்றுடன் வந்து கவுண்டமணியிடம் கணக்குச் சொல்லும் காட்சியும் ஒரு குழுவில் உடன்வேலை செய்யும் இருவருக்கிடையே நடப்பதுதான். சிரிப்புக்கும் வாழைப்பழத்துக்கும் உள்ள தொடர்பைத் தனியே ஆராய இடமுண்டு. செந்தில் அங்கே விடாது பிடித்துக்கொள்ளும் விடைக்கு மடனைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் கவுண்டமணியின் கைவீச்சைப் பணியிடத்துக்குக் கொண்டு வருவதற்கில்லை.)

ராயின் கட்டுரையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. மூவருள் ஒருவருக்குத் தம் சம்பந்தி ஒரு பேராசிரியர் என்பதில் பெருமை. அந்தப் பேராசிரியர் உண்மையில் கற்பிப்பது முடிதிருத்தும் பயிற்சிப் பள்ளியில்தான் என்று ஒரு நாள் கேலி கிளப்பிவிடப்பட்டது. பெருமைக்குரியவர் சிரிக்கவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார். பல நாட்கள் அந்த அறையில் வாழைப்பழ நேரமும் இல்லை, மற்ற விளையாட்டும் இல்லை. இயந்திரங்களின் ஓசை மட்டும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் கலாய்த்தவர்களுக்கும் தொடக்கூடாத ஒரு புள்ளி இருந்தது. தொடும்வரை அது எவருக்கும் தெரியவில்லை. குடும்பம், பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம் ஆகியவை தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாருக்கும் அத்தகைய புள்ளிகள்.

புதியவரும் மேற்பார்வையாளரும்

ஐ.டி.ஐ. முடித்து முதல் வாரம் வந்து நிற்கும் பயிற்சியாளரை, இல்லாத பொருளைக் கேட்டு வரும்படி ஸ்டோருக்கு அனுப்புவது உலகெங்கும் உள்ள பட்டறை வழக்கம். “தம்பி, ஸ்டோர்ல போய் ஒரு பாக்கெட் ஜீரோ எரர் வாங்கிட்டு வா” என்று மூத்த டர்னர் சொல்ல, வெர்னியரில் உள்ள பிழைக்குப் பெயர் அது என்பதை வகுப்பில் படித்தவரே பதற்றத்தில் மறந்து ஸ்டோர் ஜன்னலில் போய்க் கேட்க, அங்கிருப்பவர் முகம் மாறாமல் “காலியாயிடுச்சு, நாளைக்கு வரும்” என்று திருப்பி அனுப்புவார். இதில் தீங்கில்லாமல் இருக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும்: போகும் தூரம் ஐந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், வேலைக் கணக்கில் அந்த நேரம் பயிற்சியாளர் தலையில் விழக்கூடாது, திரும்பி வந்ததும் தேநீரை அவர் கையில் முதலில் கொடுக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை மற்ற இரண்டையும்விட முக்கியமானது. அந்தத் தேநீர் இல்லாவிட்டால் நடந்தது ஏமாற்று. இருந்தால் சேர்ப்புச் சடங்கு. அடுத்த ஆண்டு வரும் புதியவரை அதே பயிற்சியாளர் அதே ஜன்னலுக்கு அனுப்புவாராயின், சடங்கு நிறைவேறியது என்று கொள்ளலாம். ஒரே ஆளை இரண்டாம் முறை, மூன்றாம் முறை அனுப்புவது எதிலும் சேராது.

மேற்பார்வையாளரின் நிலை வேறு. அவருக்குக் கீழே உள்ளவர் திருப்பிக் கேலி செய்ய இயலாது என்பதால், கேலியின் திசையை அவரே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவருக்குப் பாதுகாப்பான இலக்குகள் இரண்டே: தாம், மற்றும் வேலையே. நேற்றுத் தாம் தவறாக எழுதிய உற்பத்தி எண்ணிக்கையைக் காலைக் கூட்டத்தில் தாமே சொல்லிச் சிரிப்பவரிடம், இன்று நடந்த தவற்றைச் சொல்ல மற்றவர் அஞ்சுவதில்லை. இதற்கு மாறாக, பிழை செய்த ஆப்பரேட்டரைக் கூட்டத்தில் நிறுத்தி “இவரு கை பட்டா இரும்பும் ரப்பர் ஆயிடும்” என்று சிரிக்க வைத்தவருக்கு அன்று கைதட்டல் கிடைக்கும். அடுத்த வாரம் ரிஜெக்ஷன் பீஸ்கள் எண்ணிக்கையில் வராமல் ஸ்கிராப் தொட்டியின் அடியில் கிடக்கும். குறையை மறைக்காமல் எடுத்துக்காட்டும் பழக்கத்தின்மீதுதான் தர மேலாண்மை முழுதும் நிற்கிறது. பாடியில் ஆலை கொண்டிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998 இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றதிலிருந்து, இந்தப் புறநகரில் தரம் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. பிழை செய்தவரைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம் அந்தப் பழக்கத்தைச் சத்தமின்றிக் கெடுத்துவிடுகிறது. டர்னர்கள் அறிந்த உண்மை ஒன்று இங்குப் பொருந்தும்: துளை சிறிதாக இருந்தால் இன்னொரு கட் எடுத்துச் சரி செய்யலாம், ஓவர்சைஸ் ஆகிவிட்டால் ரீவொர்க் கிடையாது; கேலியின் அளவும் அவ்வாறே.

சொல்லில் விளையாடுதல்

எவரையும் தொடாமல் சிரிக்க வைக்க மிக எளிய வழி சொல்லையே தொடுவது. கிரேசி மோகன் என்னும் பெயரால் அறியப்பட்ட மோகன் ரங்காச்சாரி (1952–2019) இதில் வல்லவர். கிண்டி பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து, மேலே குறிப்பிட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்திலேயே பொறியாளராக வேலை பார்த்த அவர், 1979 இல் தம் நாடகக் குழுவைத் தொடங்கி, பின்னர் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) முதல் ‘பஞ்சதந்திரம்’ (2002) வரை அவர் எழுதிய உரையாடல்களில் சிரிப்பு பெரும்பாலும் ஒரு சொல்லை ஒருவர் ஒரு பொருளில் சொல்ல, மற்றவர் வேறு பொருளில் எடுத்துக்கொள்வதால் பிறக்கிறது. இருவரும் அவரவர் பொருளில் சரியாகவே பேசுகிறார்கள்; எவரும் முட்டாளாக்கப்படுவதில்லை; குற்றவாளி மொழி மட்டுமே.

மேற்குப் புறநகரின் தொழிற்கூடங்களுக்கு இத்தகைய சிலேடை இயல்பாகவே கைவருகிறது. ஓ.டி. என்றால் இருமடங்கு கூலி தரும் மிகைநேர வேலை. அம்பத்தூரில் அதே இரண்டெழுத்து ஒரு பேருந்து நிலையத்தின் பெயரும்கூட. “இன்னைக்கு ஓ.டி. உண்டாண்ணே?” என்று கேட்டவருக்கு “உண்டே, வெளியே போய் நின்னா பஸ் வரும்” என்று விடை வருமாயின், இல்லை என்னும் கசப்பான செய்தி சற்று மென்மையாக இறங்குகிறது. ஆனால் மூன்று வாரமாக ஓ.டி. இன்றிக் கடனில் இருப்பவரிடம் அதைச் சொல்பவர் மேலாளராக இருந்தால், சிலேடை அதேதான், முறை வேறு. உடன் நிற்பவர் சொன்னால் அது பகிர்ந்த துன்பம். கூலியை முடிவு செய்பவர் சொன்னால் எகத்தாளம்.

இயந்திரத்தருகே

தொழிற்கூடத்துக் குறும்புகளுள் முற்றாக விலக்க வேண்டியவை உண்டு. இவற்றில் முறை, நட்பு, சிரித்த முகம் எதுவும் சாக்காகாது. பட்டறைகளில் பர் தூசியை ஊதித் தள்ளப் பயன்படும் காற்றுக் குழாயில் அழுத்தம் பொதுவாக ஆறு ஏழு பார் அளவில், அதாவது வெளிக்காற்றைப் போல் ஆறேழு மடங்கு இருக்கும். அக்குழாயை உடன்வேலை செய்பவரின் உடலில் வைத்து விளையாட்டாகத் திறந்ததில் குடல் கிழிந்து உயிர்போன செய்திகள் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. செய்தவர்கள் பெரும்பாலும் இறந்தவரின் நண்பர்கள். சுழலும் இயந்திரத்தருகே பின்னாலிருந்து தட்டுதல், கிரைண்டிங் செய்பவரைத் திடீரெனக் கூவி அழைத்தல், மின்விசையை விளையாட்டாகப் போடுதல் ஆகியவையும் இவ்வகையே. இரைச்சல் மிகுந்த தளத்தில் பேச்சு கேளாமையால் கையசைவும் முகக்குறிப்புமே நகைச்சுவையின் மொழியாகின்றன. நிறுத்து, தூக்கு, இறக்கு என்னும் வேலைச் சைகைகளை மட்டும் எந்தக் காலத்திலும் கேலிக்குக் கடன் வாங்கக்கூடாது.

அதே சமயம் பாதுகாப்பைப் பற்றிச் சிரிக்கலாம், சிரிப்பது நல்லது. 2001 இல் வெளிவந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற கான்ட்ராக்டர் நேசமணி பாத்திரத்தின் தலையில் மேலேயிருந்து சுத்தியல் விழும் காட்சி, 2019 மே இறுதியில் உலகமே திரும்பிப் பார்க்கும் நிலைக்கு உயர்ந்தது. பொறியியல் மாணவர்களுக்கான ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, தமிழர் ஒருவர் நேசமணியின் தலையில் விழுந்த கதையைச் சொல்லப்போய், அவர் நலம் பெற வேண்டும் என்னும் வேண்டுதல் சமூக ஊடகங்களில் முதன்மை இடம்பிடித்தது. உயரத்திலிருந்து கருவி விழுவது கட்டுமானத் தளங்களில் உண்மையிலேயே உயிர்குடிக்கும் விபத்து. தலைக்கவசம் அணியாதவரிடம் விதி எண்ணைச் சொல்லி எச்சரிப்பதைவிட “நேசமணி ஆகணுமா?” என்று கேட்பது விரைவில் வேலை செய்யும், காரணம், கேட்டவருக்குத் தலைகுனிவு இல்லை, ஆனால் காட்சி கண்முன் வந்துவிடுகிறது.

சட்டம் நுழையும் இடங்கள்

சில கேலிகளில் திருப்பித் தர முடியுமா என்னும் கோலுக்கு முன்பே சட்டம் வந்து நிற்கிறது. 2013 ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பெண் விரும்பாத பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தலாகவே வரையறுக்கிறது. இரட்டைப் பொருள் வசனமும், கைப்பேசியில் காட்டப்படும் படமும் இதில் அடங்கும். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு அமைப்பது முதலாளியின் கடமை. பத்துக்குக் குறைந்த பட்டறையில் வேலை செய்பவர் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். ‘ஜோக்குக்குத்தானே சொன்னேன்’ என்பது விடையாகாது. பொதுவில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் (1989), மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே பிறர் முன் அவமதிப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழும் (2016) தண்டனைக்குரியவை. உடற்குறையை வைத்துச் சூட்டிய பட்டப்பெயர்கள் எத்தனை ஆண்டு வழங்கினாலும் அன்பின் அடையாளமாக மாறிவிடுவதில்லை. அவரே சிரித்துக்கொண்டு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது, வேறு வழியில்லாததைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

இச்சட்டங்கள் பெயர் சொல்லாத ஒரு பிரிவினரும் உண்டு. அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் பூந்தமல்லிக் கிடங்குகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். அவர்களைச் சுட்ட வழங்கும் ‘வடக்கன்’ என்னும் சொல் மீம்களின் வழியே விளையாட்டுச் சொல்லாகத் தோற்றம் பெற்றிருக்கிறது; ஆனால் தமிழ்நாட்டில் வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அச்சத்தில் பலர் ஊர் திரும்பிய 2023 மார்ச் மாதத்துக்குப் பின் அந்தச் சொல்லைக் கேட்கும் காது அதே காதாக இராது. அவர்களது தமிழைப் பார்த்துச் சிரிப்பது தொல்காப்பியம் சொன்ன இளமையைச் சார்ந்தது. குழந்தையின் மழலையைக் கேட்டுச் சிரிப்பது போன்றது. பேசுபவர் குழந்தை அல்லர், ஊரில் மூன்று பேருக்குச் சோறு போடுபவர் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். இதற்குத் தீர்வு சிரிப்பைத் தடை செய்வதன்று, இருவழிப்படுத்துவது. மேஸ்திரி தமக்குத் தெரிந்த ஆறு இந்திச் சொற்களையும் தவறாக இணைத்துப் பேசிப் பார்க்கட்டும். “பையா, ஏக் காம் கரோ, இதைத் தூக்கோ” என்ற வாக்கியத்துக்கு ஒடிசாக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால், அங்கே முறை பிறந்துவிட்டது.

மென்பொருள் அலுவலகங்களிலும் அழைப்பு மையங்களிலும் கேலி பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றே: தேநீர் இடைவேளைக் கேலி தேநீரோடு முடிகிறது, ஸ்டிக்கராக மாற்றப்பட்ட உடன் பணியாளரின் முகம் முடிவதில்லை. அனுமதியின்றி எவர் முகத்தையும் ஸ்டிக்கர் ஆக்காதிருப்பதும், மேலாளர் இருக்கும் குழுவில் வடிவேலுவோடு நிறுத்திக்கொள்வதும் போதும்.

பொதுமக்களோடு நாள் முழுதும் பழகும் வேலையில் நகைச்சுவை ஒரு கருவியே ஆகிவிடுகிறது. படிக்கட்டில் தொங்கும் மாணவரிடம் பேருந்து நடத்துநர் கோபமாகக் கத்தினால் பேருந்தே இரண்டாகப் பிரியும். “உள்ள வாங்க மாப்பிள்ளைங்களா, பொண்ணு வீட்டுல வெளிய நிக்க வெச்சாங்கன்னு பேர் வந்துடும்” என்று கூப்பிட்டால் பயணிகள் நடத்துநர் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். அறிமுகமற்ற இளைஞருக்கு ஒரு நிமிட உறவுமுறை ஒன்றைக் கற்பித்து, அந்த முறையின் உரிமையில் கேலி செய்து, கேலியின் உரிமையில் கட்டளையிடும் நுட்பம் அது. சில்லறைத் தகராறில் இதே உத்தி வயதானவரிடம் செல்லாது என்பதை நல்ல நடத்துநர்கள் அறிவர்.

தவறிய கேலி

எவ்வளவு கவனமாக இருப்பவருக்கும் கேலி தவறும். தவறியதன் முதல் அடையாளம் கோபமன்று. கேலிக்கு ஆளானவர் மற்ற எல்லாரையும்விடச் சற்று அதிகமாகச் சிரிப்பதும், பின் வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டுத் தனியே தேநீர் குடிப்பதும்தான். இதைக் கண்டவுடன் செய்யத்தகாதது, ‘ஏன் இதுக்கெல்லாம் ஃபீல் பண்றே’ என்று இன்னொரு கேலியால் அதை மூட முயல்வது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முதலில் செய்வதும் அதுவே. வருத்தம் தெரிவிப்பதைத் தனியே, அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள், காரணம் விளக்காமல் செய்ய வேண்டும். கேலி கூட்டத்தில் நடந்திருந்தால், மறுநாள் அதே கூட்டத்தில், அவருடைய வேலையில் மெய்யாகவே நன்றாக அமைந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம். மன்னிப்பை மைக்கில் அறிவிப்பது அவமானத்தை இரண்டாம் முறை ஒலிபரப்புவதாக முடியும். ஆயுத பூஜை நாளில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, முதலாளி முதல் ஹெல்பர் வரை ஒரே தரையில் உட்கார்ந்து பொரி கடலை தின்னும்போது பழைய பிணக்குகள் தாமாகத் தீர்வதுண்டு. ஆனால் ஆயுத பூஜை ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது.

பட்டப்பெயரால் வந்த பிணக்காயின், அதைச் சூட்டியவரே அதை நிறுத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். குழுவில் அந்தப் பெயரைச் சேமித்து வைத்திருப்போரிடம் மாற்றச் சொல்வதும், பழக்கத்தில் வாய் தவறி அழைப்பவரை அங்கேயே திருத்துவதும், லாக்கர் கதவில் சாக்பீஸால் எழுதியிருப்பதைத் தம் கையாலேயே துடைப்பதும் அதில் அடங்கும்.